கண்ணாடிக் குஞ்சுகளும் பொன்னுருவியின் கட்டைவிரலும்

மில்மேட்டுக்காரர்கள் காலைத் தூக்கி வைக்க மாட்டார்கள், தரையோடு தரையாகத் தேய்த்துக்கொண்டேதான் நடப்பார்கள் என்று ஆத்தூர் பஸ் நிலையத்தில் இன்றைக்கும் கேலி பேசுகிறார்கள். பேசட்டும். அந்த நடை நாற்பத்தொரு குஞ்சுகளுக்காக வந்த நடை, அந்தக் குஞ்சுகள் ஒன்றுகூட மிதிபடாமல் வளர்ந்ததற்குச் சாட்சியாக நின்றுபோன நடை என்று தெரிந்தால், கேலி பேசுகிறவர்களும் ஒரு நாள் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படி நடந்து பார்க்க ஆசைப்படுவார்கள்.

மில்மேடு என்பது சேகோ மில்லைச் சுற்றி முளைத்த ஐந்து தெரு. மரவள்ளிக் கிழங்கு லாரியில் வந்து இறங்குவதும், அரைபட்டுப் பாலாகிப் படிந்து மாவாவதும், மாவு உருண்டு ஜவ்வரிசியாகிச் சிமெண்டுக் களத்தில் வெயில் காய்வதும், மறுபடி லாரியேறிப் போவதும்தான் அந்த ஊரின் விடியலும் பொழுதும். அங்கே ஜவ்வரிசி இல்லாத இடம் கிடையாது. வாசலில் இருக்கும், கூரையில் இருக்கும், பெண்களின் கொண்டையில் இருக்கும், தூளியில் கிடக்கும் பிள்ளையின் காது மடலில் இருக்கும். எங்கேயும் இருப்பதால் யார் கண்ணிலும் அது படுவதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், மற்றது தானாக விளங்கும்.

களத்தில் பெரிய கோழி இறங்கினால் காவல்காரர் நீளக் கம்போடு ஓடி வருவார். ஆனால் எப்போதோ ஒரு மில் மேனேஜர் ஜோடியாகக் கொண்டுவந்து விட்ட பேண்டம் கோழி, புறாவைவிடக் கொஞ்சம் பெரிசு, தின்றால் என்ன தின்றுவிடும் என்று அதை மட்டும் விட்டுவிட்டார்கள். விட்டது பெருகியது. வேறு ஜாதிக் கோழிகளும் சேர்ந்தன; சில்க்கி வந்தது, கொச்சின் வந்தது, குட்டைக்கால் ஜப்பான் வந்தது, சிறகுக்குச் சிறகு கரை போட்ட செப்ரைட் வந்தது. வீட்டுக்கு வீடு கூண்டு ஆனது, பிறகு சங்கம் ஆனது, காணும் பொங்கலுக்கு மில் கொட்டகையில் கண்காட்சி ஆனது, பொள்ளாச்சியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் ஆள் வந்து குஞ்சு கேட்கிற அளவுக்கு மில்மேட்டின் பெயர் கோழியோடு சேர்ந்து ஊர் சுற்றியது.

குஞ்சு வாங்குகிறவன் கேட்பது மூன்று கேள்வி. என்ன ஜாதி, என்ன நிறம், சேவலா பெட்டையா. மூன்றுக்கும் மில்மேட்டில் பதில் சொல்லும் ஆள் ஒருத்திதான், அவள் பொன்னுருவி. நாமக்கல்லில் ஒரு பொரிப்பகத்தில் பதினெட்டு வருஷம், பெரிய பல்பின் கீழ் உட்கார்ந்து, ஒருநாள் வயதான குஞ்சுகளை இடது கையில் எடுத்து வாலுக்குக் கீழே பார்த்து, பெட்டை என்றால் ஒரு பெட்டி, சேவல் என்றால் இன்னொரு பெட்டி என்று லட்சக்கணக்கில் பிரித்துப்போட்டவள் அவள். அங்கே கண்ணால் பார்த்தாள். பேண்டம் குஞ்சு உள்ளங்கையில் நெல்லிக்காய் அளவு; அதில் கண்ணுக்கு எதுவும் சிக்காது. அதனால் மில்மேட்டுக்கு வந்தபின் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தேட ஆரம்பித்தாள். வாலடியில் கசகசா அளவுக்கு ஒரு மேடு விரலைத் திருப்பி முட்டினால் சேவல், முட்டாமல் வழுக்கிப் போனால் பெட்டை.

ஜாதியைக் குஞ்சின் கால்விரல் எண்ணிச் சொல்வாள்; ஐந்து விரல் இருந்தால் சில்க்கி, விரலுக்கு நடுவே பூமயிர் இருந்தால் கொச்சின். நிறத்துக்குப் பிறந்த மயிரை நம்பவே மாட்டாள், மஞ்சளாகப் பிறந்தது வெள்ளையாகும், புகை போலப் பிறந்தது கரும் கறுப்பாகும், முதுகில் அணில் கோடு போட்டுப் பிறந்தது செவலையாகும் என்று வாய்ப்பாடு போல ஒப்பிப்பாள். சொன்னதைச் சங்கத்தின் அட்டையில் எழுதி, கீழே மையில் தன் கட்டைவிரலை அழுத்துவாள். அந்த ரேகை விழுந்த அட்டையை அதற்குமேல் ஒருவரும் சோதித்ததில்லை.

அதற்குப் பின்னால் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. ரேகை வைத்தவர் சொல் ஒரு தடவை, ஒரே ஒரு குஞ்சில் பொய்த்தாலும் கட்டைவிரலில் துணிக்கீற்று சுற்றிக்கொள்ள வேண்டும். பிறகு ஆயுசுக்கும் குஞ்சைத் தொடக் கூடாது. பொன்னுருவிக்கு முன்னால் குஞ்சு பார்த்த மாரிக்கண்ணு, பெட்டை என்று சொல்லிக் கொடுத்த குஞ்சு, வாங்கினவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று கூடியிருந்த சனத்துக்கு நடுவே கூவித் தொலைத்தது. அன்றைக்கே துணி சுற்றிக்கொண்ட மாரிக்கண்ணு பைபாஸ் ரோட்டில் பஞ்சர் கடை போட்டார், கோழிக் கூண்டு இருக்கும் தெரு வழியாக இன்றுவரை சைக்கிளைக்கூட விடுவதில்லை. பொன்னுருவியின் விரல் பதினோரு வருஷமாகத் துணி காணாத விரல். அதில் அவளுக்குக் கர்வம் உண்டா என்றால் உண்டு. கழுத்தில் கிடக்கும் தாலிக்கொடியைவிட அந்த விரலைத்தான் அவள் பெரிசாக நினைத்தாள்.

அந்த வருஷம் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் காலை வெயில் வந்தபோது பொன்னுருவி வீட்டு அடைக்கோழி எழுந்து நின்று, காலடியில் வெறும் முட்டை ஓடுகளை வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக் கொக்கரித்தது. குஞ்சு எங்கே போச்சு, கீரி கொண்டுபோச்சா என்று அவள் கூடைக்குள் கையை விட்டாள். கையில் சூடாக, மெத்தென்று, கீச்சென்று ஒன்பது குஞ்சு தட்டுப்பட்டது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளங்கைக்கு மேலே காற்றில் மசூர் பருப்பு அளவில் ஒரு சிவப்பு துடித்துக்கொண்டிருந்தது, அதைச் சுற்றித் தண்ணீரின் ஓரம் போல மெல்லியதாக ஒரு குஞ்சின் வடிவம் இருந்தது.

“ஏங்க, இங்க வாங்க,” என்று புருஷனைக் கூப்பிட்டாள். “குஞ்சு பொரிச்சிருக்குது. ஆனா கண்ணாடியா பொரிச்சிருக்குது.”

புருஷன் தனக்கோடி மில்லில் சல்லடை மேஸ்திரி. அவர் வந்து குனிந்து பார்த்து, “அட ஆமா,” என்றார். “எத்தன?”

“ஒம்போது.”

“தண்ணி வெச்சியா?”

அவ்வளவுதான் அந்த வீட்டில் நடந்த ஆச்சரியம். மத்தியானத்துக்குள் எல்லா வீட்டிலும் அதே கதை என்று தெரிந்தது. அந்த மழையில் அடையிருந்த கோழிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாற்பத்தொரு குஞ்சு, நாற்பத்தொன்றும் கண்ணாடி. ஏன் என்று கேட்க நேரமில்லை, ஏனென்றால் குஞ்சு தரையில் ஓட ஆரம்பித்துவிட்டது, மிதிபடாமல் காப்பாற்றும் வேலை தலைக்குமேல் வந்துவிட்டது.

வளையல்காரர் ஒருவர் மணி கொண்டுவந்தார். குண்டுமணி அளவுச் சலங்கை மணியைக் கருப்பு நூலில் கோத்து ஒவ்வொரு காலிலும் கட்டினார்கள், ஐந்து தெருவும் ஜல்ஜல் என்று ஆனது. மணிச் சத்தம் மட்டும் போதாது என்று பெண்கள்தான் முதலில் காலைத் தேய்த்து நடக்க ஆரம்பித்தார்கள். பிறகு ஆண்கள், பிறகு தபால்காரர், பிறகு கிழங்கு இறக்க வந்த லாரி டிரைவர்கள்கூட. பூனைகள் காற்றில் முட்டிக்கொண்டு மூக்கைத் துடைத்துக்கொண்டன. பருந்து இரண்டு நாள் வட்டமடித்துவிட்டு, அடுத்த ஊரைப் பார்த்துப் போய்விட்டது. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரு வகுப்பையே வரிசையாகக் கூட்டிவந்து, தின்ற தவிடு தொண்டையில் இறங்குவதையும் இரைப்பையில் தங்குவதையும் குச்சியால் சுட்டிக் காட்டினார். “வயிறு ரொம்பிருச்சு பாரு, இன்னும் என்ன கத்தல்?” என்று பெண்கள் குஞ்சுகளைத் திட்டப் பழகினார்கள், பொய் சொல்ல முடியாத பிள்ளைகளை வளர்ப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது. சில்க்கித் தாய்க்கோழிகள் முதல் நாள் மட்டும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன. பிறகு எல்லாக் குஞ்சையும் போலவே இதையும் இறக்கைக்குள் சேர்த்துக்கொண்டன.

மூன்றாம் நாள் பொன்னுருவி வீடு வீடாகப் போய் நாற்பத்தொன்றையும் கையில் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள், விரல்களை எண்ணினாள், கட்டைவிரலால் தேடினாள். சில்க்கி பதினான்கு, கொச்சின் பன்னிரண்டு, ஜப்பான் எட்டு, செப்ரைட் ஏழு என்றாள். சேவல் பத்தொன்பது, பெட்டை இருபத்திரண்டு என்றாள். நிறம் கேட்டார்கள். அங்கேதான் முதல் தடவையாக அவள் கண்ணைத் திறந்து குஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அதுக்கு நெறம் இருக்குது,” என்றாள். “இன்னும் எடுத்துப் போட்டுக்கல. போட்டுக்கறப்ப சொல்றேன்.”

ஊர் தலையாட்டியது. பொன்னுருவி சொன்னால் சரி. அந்தச் சரி இரண்டு வாரம்தான் நின்றது.

சங்கத்துக்குச் செயலாளர் குணசீலன். செல்போன் கடை வைத்திருந்தார், கனத்த மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார், உலகத்தில் உள்ள பேண்டம் கோழி ஜாதியெல்லாம் வண்ணப்படமாக உள்ள ஒரு தடித்த புத்தகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து அட்டை போட்டு வைத்திருந்தார். ஆள் நல்லவர்தான். ஆனால் சரியாக இருப்பதில் ருசி கண்டவர், அந்த ருசியைப் பதினோரு வருஷமாக ஒரு கட்டைவிரலுக்கு விட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தவர். ஒரு நாள் களத்து வெயிலில் மேய்ந்த குஞ்சு ஒன்றை எடுத்து மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அதன் வயிற்றுக்குள், இடது பக்கமாக, வெள்ளை வெள்ளையாக, குட்டிக் குட்டியாக, ஒரு கொத்து.

பெட்டைக்கோழி அறுத்த வீட்டில் பிறந்தவர்களுக்கு அது தெரியும். முட்டையாகப் போகிற கரு கொத்துக் கொத்தாக வயிற்றில் இருக்கும். குழம்பில் அது யார் தட்டுக்கு என்று சண்டைகூட நடக்கும். முற்றாததால் வெள்ளையாக இருக்கிறது என்று குணசீலன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், அடுத்த குஞ்சை எடுத்தார், அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. சாயங்காலத்துக்குள் நாற்பத்தொன்றையும் தூக்கிப் பார்த்துவிட்டார், ஊரும் கூடவே சேர்ந்து தூக்கிப் பார்த்தது, ஒவ்வொன்றின் வயிற்றிலும் இடது பக்கத்தில் கொத்து இருந்தது.

“நாப்பத்தொண்ணும் பொட்ட!” என்றார் குணசீலன். “ஒரு ஈத்துல நாப்பத்தொரு பொட்ட! ஒலகத்துல எங்கியும் கெடையாது!”

ஊர் கூத்தாடியது. பெட்டைக்குத்தான் எங்கேயும் கிராக்கி. சேவலை அதிகம் வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஈரோட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் சொல்லி வைக்க ஆட்கள் வந்தார்கள், வந்தவர்களுக்கு ஒவ்வொரு குஞ்சையும் தூக்கிக் கொத்தைக் காட்டினார்கள். அதிலிருந்து ஒருவரும் குஞ்சைத் தடவிப் பார்க்கவில்லை. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும்போது கையால் தேடுகிற பைத்தியம் யார்? ஆறாவது வாரத்தில் சில குஞ்சுகளின் நெற்றியில் கண்ணுக்குத் தெரியாத கொண்டை தடித்ததைத் தொட்டறிந்தது பொன்னுருவியின் விரல் ஒன்றுதான்.

காணும் பொங்கலுக்கு ஆறு நாள் முன்னால் கூடிய சங்கக் கூட்டத்தில் குணசீலன் தன்மையாகத்தான் ஆரம்பித்தார்.

“பொன்னுருவி, ஒன்ன யாரும் கொறை சொல்லல. வெளிச்சம் ஊடுருவிப் போற குஞ்சு. கை தடுமாறிப்போச்சுன்னு ஒரு வரி எழுதிக்கலாம். துணி கிணி எல்லாம் வேண்டாம்.”

“கை தடுமாறல.”

“அந்தக் கொத்து தெரியலையா ஒனக்கு?”

“தெரியுது.”

“அது என்னாது?”

“தெரியல,” என்றாள் பொன்னுருவி. “என்னான்னு எனக்குத் தெரியல. ஆனா பத்தொம்போது சேவலுண்ணே. வெரலு முட்டுச்சு.”

“கண்ணால பாக்கறத உட்டுட்டு வெரல நம்பச் சொல்றியா?”

“பதினோரு வருசம் நம்புனீங்களே, அப்ப கண்ணு எங்க போச்சு?”

கொட்டகையில் ஒருவர் சிரித்தார், உடனே நிறுத்திக்கொண்டார். குணசீலனுக்கு முகம் சிவந்தது. கண்காட்சி அட்டையில் அவள் சொன்னபடியே எழுதி ரேகை வைக்கட்டும், பக்கத்திலேயே சங்கம் தன் அட்டையைத் தொங்கவிடும், ஒரே ஒரு குஞ்சில் அவள் சொன்னது தப்பென்றால் அங்கேயே, அத்தனை ஊர்க்காரர் முன்னாலும் துணி என்று முடிவானது. பொன்னுருவி சரி என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தனக்கோடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முப்பது வருஷம் ஜவ்வரிசி சலித்த கை அவருக்கு. பெரிசு, நடுத்தரம், பொடி என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரிப்பார்.

“நானும் பாத்தேன் புள்ள,” என்றார் மெதுவாக. “கொத்து நல்லாத் தெரியுதே.”

அவள் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், ரசம் ஊற்றினாள், மோர் ஊற்றினாள், அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. ஊர் நம்பாதது அவளுக்குக் கோபமாக இருந்தது; இவர் நம்பாதது வலித்தது. அன்றைக்குக் கூண்டுப் பக்கம் போய், செப்ரைட் குஞ்சு ஒன்றை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை வைத்தாள். முட்டியது. போதும் என்று விட்டுவிட்டாள். எனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியும் என்று நினைத்தபோது முதுகு தானாக நிமிர்ந்தது.

காணும் பொங்கல் வந்தது. கண்காட்சிக்கு ஒரு விதி உண்டு, கூண்டு அசிங்கமாகாமல் இருக்க முந்தின நாள் மத்தியானத்திலிருந்து குஞ்சுகளுக்குத் தீனி கிடையாது, வெறும் தண்ணீர்தான். அந்த வருஷமும் அப்படியே கூண்டில் அடைத்துக் கொட்டகையில் வரிசையாக வைத்துப் பூட்டினார்கள். காலையில் திறந்தபோது மில் வாசலில் வேனும் காருமாக நின்றது. கோயம்புத்தூரிலிருந்து நடுவராக வந்த கால்நடை டாக்டர் அம்மா, நீலப் புடவையும் கையில் குறிப்பேடுமாக முதல் கூண்டுக்குப் போனார். கூண்டில் ஒரு மணியும், ஒரு சிவப்புத் துடிப்பும், தண்ணீர் ஓரமும் இருந்தன. அவர் ஒரு நிமிஷம் பார்த்தார், பேனாவைத் திறந்தார்.

கூண்டுக்கு இரண்டு அட்டை தொங்கியது. ஒன்றில் பொன்னுருவியின் ரேகைக்கு மேலே ஜாதி செப்ரைட், பால் சேவல், நிறம் என்ற இடத்தில் ‘தன் நிறம்’. மற்றதில் குணசீலனின் அச்சடித்த எழுத்தில் பால் பெட்டை, நிறம் இல்லை.

“பெட்டைன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?” என்றார் நடுவர்.

இதற்குத்தான் குணசீலன் ஒரு மாதமாகக் காத்திருந்தார். “இதோ, கண்ணால பாருங்கம்மா,” என்று குஞ்சை எடுத்து வெளிச்சத்தில் நீட்டினார். நீட்டியவர் அப்படியே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அந்த வயிற்றில் ஒன்றும் இல்லை. அடுத்த கூண்டுக்கு ஓடினார், அதிலும் இல்லை. நாற்பத்தொரு வயிறும் கழுவி வைத்த டம்ளர் போல இருந்தன.

“கொத்தக் காணோம்!” என்று ஒரு பெண் கத்தினாள். திருஷ்டி என்றார் ஒருவர். களவு என்றார் இன்னொருவர், வயிற்றுக்குள்ளிருந்து எப்படிக் களவு போகும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பொன்னுருவி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தூணருகில் நின்றாள், அவளுக்கும் அது என்ன என்று தெரியாது.

அப்போது தனக்கோடி கூண்டுகளின் பக்கம் வந்தார். தலையைக் குனிந்து சட்டைப் பையைத் துழாவினார், மில்மேட்டில் எந்தச் சட்டைப் பையைத் துழாவினாலும் கிடைப்பதுதான் அவருக்கும் கிடைத்தது. உள்ளங்கையில் வைத்துக் குஞ்சின் முன்னால் நீட்டினார். பசியில் இருந்த குஞ்சு கொத்திக் கொத்தி விழுங்கியது. வெள்ளை வெள்ளையாக, குட்டிக் குட்டியாக, ஒவ்வொன்றும் தொண்டை வழியே இறங்குவதைக் கொட்டகையே பார்த்தது, கொஞ்ச நேரத்தில் அவை இடது பக்கமாகப் போய்ச் சேர்ந்து கொத்தாக உட்கார்ந்ததையும் பார்த்தது.

“ஜவ்வரிசி,” என்றார் தனக்கோடி. “பொடி ரகம்.” பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பினார். “முப்பது வருசமா சலிக்கறேன் புள்ள. என் கண்ணுல படல பாரு.” அவர் கண் கலங்கியிருந்தது. பொன்னுருவி அன்றைக்குத்தான் ஆறு நாளுக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“கொத்து இல்லைங்கறது சரி,” என்றார் நடுவர் நிதானமாக. “அதுக்காகச் சேவல்னு ஆயிடாது. நீங்க சொன்னது பத்தொன்பது. அதை எப்படிப் பாக்கறது?”

பொன்னுருவி தூணை விட்டு வந்தாள். “அதுங்களே சொல்லும்,” என்றாள். பத்தொன்பது கூண்டுகளையும் கொட்டகையின் நடுவே வட்டமாக, ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்தாள். பக்கத்தில் இன்னொருவன் நிற்பது தெரிந்தால் எந்த ஆண் சும்மா இருப்பான் என்று அவள் சொன்னதற்குப் பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் ஜப்பான் குட்டை ஒன்று கழுத்தை நீட்டியது.

அந்தக் கூவல் கிளம்பியதை மில்மேடு கண்ணால் கண்டது. நெஞ்சுக்கு அடியில் ஒரு நடுக்கமாகத் தொடங்கி, மூச்சுக் குழலில் வளையம் வளையமாக ஏறி, கழுத்தில் புடைத்து, வாயைத் திறந்து வெளியே வந்து காதில் விழுந்தது. விடலைச் சேவலின் உடைந்த, கரகரத்த, வெட்கங்கெட்ட கொக்கரக்கோ. அதைக் கேட்டு எதிர்க் கூண்டு பதில் சொன்னது. மூன்றாவது சொன்னது. ஊரார் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார்கள், ஏழு, பத்து, பதினைந்து. பெட்டை என்று சொல்லி வைத்திருந்த ஈரோட்டுக்காரர்கூட எண்ணினார், எண்ணும்போது தன் ஏமாற்றத்தை மறந்துபோனார். பதினெட்டு கூவியது.

பத்தொன்பதாவது கூவவில்லை. அது பொன்னுருவி வீட்டுக் கூண்டில் பிறந்த செப்ரைட். ஓரமாக நின்று இறகைக் கோதிக்கொண்டிருந்தது. வெயில் கொட்டகையின் கூரை ஓட்டை வழியாக ஒரு சாண் நகர்ந்தது. ஒரே ஒரு குஞ்சு போதும் துணி சுற்ற, அது எல்லாருக்கும் தெரியும்.

குணசீலன் மேஜை மேலிருந்த துணிக்கீற்றை எடுத்துக்கொண்டு வந்தார். பொன்னுருவி கையை நீட்டவும் இல்லை, பின்னால் இழுக்கவும் இல்லை. அவர் அவள் முன்னால் நின்று, துணியை உதறி, தன் மூக்குக் கண்ணாடிக்கு மேலேயே இரண்டு சுற்றுச் சுற்றித் தலைக்குப் பின்னால் முடி போட்டுக்கொண்டார்.

“என்னண்ணே இது?”

“பதினெட்டுத் தப்பு என்னுது,” என்றார் குணசீலன். “தப்புப் பண்ணது என் கண்ணு. விதி விதிதான். ஒன்னோடது ஒண்ணு மிச்சம் இருக்குது, அதுக்கு ஒன் வெரலு பதில் சொல்லட்டும்.”

பொன்னுருவி குனிந்து அந்தக் கடைசிக் குஞ்சைக் கூண்டிலிருந்து எடுத்தாள். கண் கட்டிய மனுஷனின் இரண்டு கையையும் பிடித்துச் சேர்த்து, அதற்குள் குஞ்சை வைத்தாள்.

“புடிச்சுக்குங்க. இறுக்காதீங்க. பாக்காதீங்க, பாத்ததெல்லாம் போதும்.”

குணசீலன் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் குஞ்சைத் தூக்கிப் பார்த்திருக்கிறார், படத்தோடு ஒத்துப் பார்த்திருக்கிறார், பிடித்துக்கொண்டு சும்மா நின்றதில்லை. முதலில் சூடு தெரிந்தது. பிறகு துடிப்பு. கட்டைவிரலுக்குக் கீழே நெற்றியில் தடிப்பாக ஒரு கொண்டை, ரோஜா மொட்டு மாதிரி, இத்தனை நாள் இங்கேதான் இருந்திருக்கிறது. பிறகு உள்ளங்கையில், வேறு யாரும் காண்பதற்கு முன்னால், ஒரு நடுக்கம் கிளம்பியது.

“பொன்னுருவி,” என்றார் அவர் கிசுகிசுப்பாக. “வருது. வருதும்மா.”

அது வந்தது. பத்தொன்பதில் கடைசியாகக் கூவியது, பத்தொன்பதிலும் உரக்கக் கூவியது. அந்தக் கூவல் ஏறின வழியெல்லாம் நிறமும் கூடவே ஏறியது, நெஞ்சில் பொன், கழுத்தில் பொன், இறக்கையில் பொன், ஒவ்வொரு சிறகின் ஓரத்திலும் மை தீட்டின மாதிரி கருப்புக் கரை. அதைப் பார்த்த மற்றக் கூண்டுகளும் பொறுக்க மாட்டாமல் போட்டுக்கொண்டன. வெள்ளைச் சில்க்கி வெள்ளையாயிற்று, கொச்சின் செவலையும் சாம்பலுமாயிற்று, இருபத்திரண்டு பெட்டையும் அவசரமில்லாமல் தத்தம் நிறத்துக்கு வந்து சேர்ந்தன. பொன்னுருவி கூண்டு கூண்டாகப் போய் நிறத்தைச் சத்தமாகச் சொன்னாள், நடுவர் எழுதிக்கொண்டே பின்னால் போனார். சொன்னபடி சொல்லிவிட்டாள்.

திரும்பி வந்து குணசீலனின் கண்கட்டை அவளே அவிழ்த்தாள். “கழட்டுங்கண்ணே. ஆயுசுக்கும் கட்டிக்கிட்டு ஒக்காந்தா நெறம் பாக்கறதுக்கு நான் யாரத் தேடுவேன்?”

அவர் கையிலிருந்த பொன்னைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு குஞ்சை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் தன் அட்டையைப் பிய்த்துப் பையில் போட்டார். அவள் அட்டையில் ‘தன் நிறம்’ என்று இருந்ததைப் படித்தார். நடுவர் பேனாவை நீட்டினார், அவர் வாங்கவில்லை. மைப் பெட்டியைத் திறந்து, தன் கட்டைவிரலை அழுத்தி, அவள் ரேகைக்குப் பக்கத்தில் வைத்தார்.

பொன்னுருவி எட்டிப் பார்த்தாள். அவருக்கு அது முதல் ரேகை, கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது.

“பழகிரும்,” என்றாள். “நாளைக்கி வூட்டுக்கு வாங்க, இன்னொரு அடை பொரிக்கப் போவுது.”

குணசீலன் தலையாட்டிவிட்டுக் குஞ்சைக் கொண்டுபோய்க் கூண்டில் விட்டார். இப்போது அது எல்லார் கண்ணுக்கும் நன்றாகத் தெரிந்தது, ஆனாலும் அவர் காலைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டே நடந்து போனார்.